விதானையின் வரிசை

அவளோடு எந்த வரிசையிலும் போய் நிற்கக் கூடாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, பட்டறிந்து சொல்கிறேன். வங்கியோ, பேக்கரியோ, பஸ்ஸோ, நாங்கள் போய் நின்றால் எங்களுக்குப் பின்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து நிற்பாள். குழந்தை இல்லையென்றால் முழங்கால் வலிக்காரர் ஒருவர் நிற்பார். அதுவுமில்லையென்றால் முகம் வாடிய யாராவது நிற்காமலா போவார்கள்? இவள் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் முடிந்தது கதை. "நீங்க முன்னுக்குப் போங்க" என்று ஒதுங்கி வழி விடுவாள். கூட வந்த குற்றத்துக்கு நானும் ஒதுங்க வேண்டும்.

அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நாங்கள் போன ஒரு வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்னதான வரிசையில் நல்ல இடத்தில்தான் நின்றோம். இவளுடைய தயவால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய், கிடாரத்தை எட்டியபோது பரிமாறுகிறவர் அகப்பையால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பசியில் கண் இருண்டது. இவளோ தட்டில் விழுந்த அடிப்பிடித்த சோற்றைப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணே, எங்களுக்குப் பின்னால இன்னும் ஆக்கள் நிக்காங்க. அவங்களுக்கு இரிக்கா?" என்று கேட்டாள்.

"அடுத்த கிடாரம் இறக்குறாங்க தங்கச்சி" என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது. அடுத்த கிடாரத்தில் சுடச்சுட மூன்று கறியோடு பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதையும் நான் பார்த்தேன். நான் சந்தோஷப்படவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். நாவற்குடாவில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. சங்கங்களுக்கும் கடைகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் இணையத்தில் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். அவர்கள் தங்கள் ஆட்களின் போன் நம்பர்களை அதில் ஏற்றி வைப்பார்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுவது, மலிவு விற்பனை அறிவிப்பது, மாத அறிக்கை எடுப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை எங்கள் சேவர் கொம்பியூட்டரில் வந்து விழும், சேவர் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். போனில் பேசுவதும் வாடிக்கையாளரின் ஏச்சை வாங்கிக்கொள்வதும் நான். சேவரின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் அவள்.

கந்தோரில் அவளுக்கு விதானை என்று பட்டம். அவளுடைய அப்பா உன்னிச்சைப் பக்கம் வட்டைவிதானையாக இருந்தவர். குளத்துத் தண்ணீரை வட்டையில் உள்ள வயல்களுக்கெல்லாம் முறை வைத்துப் பங்கிட்டு விடுவது வட்டைவிதானையின் வேலை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று அவர்தான் சொல்வார். அதனால் எந்தப் போகத்திலும் ஊரில் பாதிப் பேர் அவரோடு கதைக்க மாட்டார்கள். அந்த யோகம் மகளுக்கும் எங்கள் கந்தோரில் வாய்த்தது.

அது ஒரு பால்கேனோடு ஆரம்பித்தது.

அப்போது எங்கள் சேவர் வந்த ஒழுங்கில்தான் வேலைகளைச் செய்யும். முதலில் வந்தது முதலில். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காத்தான்குடியில் ஒரு பெரிய உடுப்புக்கடை ஹாஜியார் எங்கள் வாடிக்கையாளர். இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர்தான். பெருநாள் வந்தால் தன் கடைக்கு ஒரு தரமாவது வந்து போன எல்லாருக்கும் ஒரே அழுத்தில் மெசேஜ் விடுவார். அது போய் முடியும்வரை பின்னால் வந்த எதுவும் அசையாது. அப்படி ஒரு நாளில்தான், இன்றைக்குப் பால் லொறி வராது என்று உன்னிச்சைப் பக்கத்துப் பால் சங்கம் தன் ஆட்களுக்கு அனுப்பிய மெசேஜ் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆட்கள் பாலைக் கறந்து, கேனை ரோட்டில் வைத்து, லொறியைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

அடுத்த நாள் சங்கத்துச் செயலாளர் அம்மா பஸ் ஏறி வந்து, ஒரு கேனை என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"மணந்து பாருங்க மிஸ். உங்கட மெசேஜ் வந்து சேரக்குள்ள பால் இப்பிடித்தான் இரிந்திச்சி."

வழக்கமாக வாடிக்கையாளரிடம் சொல்கிற நாலு சமாதானத்தையும் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னேன். பக்கத்து அறையில் இருந்து விதானை எழும்பி வந்தாள். கேனுக்குள் குனிந்து, மெய்யாகவே மணந்து பார்த்தாள். அந்த அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, நேராக சேருடைய அறைக்குள் போனாள். கேனையும் கொண்டு போனாள்.

சேர் என்பது எங்கள் முதலாளி. டுபாயில் கொம்பியூட்டர் வேலை செய்து திரும்பி வந்து, ஊரில் தொழில் தொடங்கிய நல்ல மனுசர். நல்ல மனுசருக்கும் ஹாஜியாரை இழக்கப் பயம் இருக்கும்தானே. அன்றைக்குத் தொடங்கிய சண்டை நாள்கணக்கில் நடந்தது. அவள் வெண்பலகையில் ஒரு வாய்க்காலைக் கீறினாள். அதன் ஓரமாகக் கட்டம் கட்டமாக வயல்.

"சேர், இப்ப நம்மட சேவர் எப்பிடி இரிக்கு தெரியுமா? மேல் வயல்காரன் வரம்ப வெட்டி விட்டுத்துப் படுத்துக் கிடக்கான். அவன்ட வயல் நிரம்பி வழியும் மட்டும் கீழ ஒருத்தனுக்கும் தண்ணி இல்ல."

"ஹாஜியார்ர வேல முதல் போகணும் புள்ள. அவரு போனா நம்மட கந்தோரே இல்ல."

"போகட்டும் சேர். துண்டு துண்டாப் போகட்டும். ஒரு துண்டு போனா, பின்னால நிக்கிற சின்ன வேல ஒண்டு போகட்டும். மறுகா அவர்ர அடுத்த துண்டு."

அதுதான் முதல் விதி. பெரிய வேலையை வெட்டிப் போடுவது. இரண்டாவது, எந்த வேலையும் காத்திருக்கக் காத்திருக்க அதற்கு முன்னுரிமை ஏறும். நேற்று வந்த சின்ன வேலை, இன்றைக்கு வந்த பெரிய வேலையைத் தாண்டிப் போகும். இந்த இரண்டையும் சேர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். மூன்றாவதைச் சொன்னபோதுதான் கதிரையை விட்டு எழும்பினார்.

மூன்றாவது விதி இதுதான். ஒரு வேலை தனக்கென்று வைத்த தவணையையும் தாண்டிக் காத்து நின்றால், சேவர் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடும். அந்த ஒன்று முடிந்த பிறகுதான் மற்றவை அசையும். அதை யாரும் அழிக்க முடியாது. 'முடிந்தது' என்று அழுத்தலாம், இல்லாவிட்டால் ஏன் முடியவில்லை என்று காரணம் எழுதலாம்.

"ஒண்டு சிக்கினா எல்லாம் நிக்குமே!" என்றார் சேர்.

"நிக்கட்டும் சேர். நிண்டாத்தான் ஆராவது பாப்பாங்க. நிக்காட்டி அது அங்கயே கிடந்து சாகும். செத்ததும் நமக்குத் தெரியாது."

சேர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு, தவணையை நன்றாக நீட்டி வைக்க வேண்டும் என்ற ஒரு பேரத்தோடு இறங்கி வந்தார். சேவர் தானாகச் செய்கிற வேலைக்கு ஒரு நாள். அறிக்கையைச் சரிபார்ப்பது போல ஆள் செய்து, தன் கணக்கில் இருந்து 'முடிந்தது' அழுத்த வேண்டிய வேலைக்கு ஒரு கிழமை. இந்தப் பகுதிக்குத் தொழிலில் ஸ்கெடியூலர் என்று பெயர். நாங்கள் வாய்க்கால் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அது ஓடத் தொடங்கிய பிறகு வந்த பெருநாளைக்கு ஹாஜியாருடைய மெசேஜ் கொஞ்சம் சுணங்கித்தான் போனது. அவருக்கு அது தெரியவே தெரியாது. சேர் மட்டும் ஒரு முழு நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப் போயிருந்தார். பால் சங்கத்து அம்மா மறுபடியும் பஸ் ஏறி வந்தார். நான் பயந்து மூக்கில் கை வைத்தேன். இந்த முறை என் மேசையில் வைத்தது எருமைத் தயிர்ச் சட்டி.

"இது நாங்களா உறைய விட்டது. பயப்பிடாமச் சாப்பிடுங்க" என்றார்.

விதானைதான் பங்கிட்டாள். சேருக்கு, எனக்கு, கீழே ஹாட்வெயார் கடைப் பெடியன்களுக்கு, தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவருக்கு. தனக்கு என்று சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல குணம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களை எவ்வளவு எரிச்சல்படுத்தும் என்று அவளோடு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். கூட்டம் நடந்தால், எல்லாரும் எழும்பப் போகிற நேரத்தில் வாயே திறக்காமல் இருந்த ஆளைப் பார்த்து "நீங்க ஒண்டும் சொல்லல்லியே" என்று தொடங்குவாள். அவர் சொல்லத் தொடங்கினால் இன்னும் அரை மணித்தியாலம் போகும். அதில் பல தடவை உருப்படியான கதை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல மனமில்லாமல் சொல்கிறேன்.

வீட்டிலும் அப்படித்தான். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்தது. தம்பியைக் கட்டாருக்கு அனுப்பினாள். "உன்ட முறை எப்பகா?" என்று நான் கேட்டால், "பாப்பம்கா" என்பாள். சேவரில் எந்த வேலையும் காத்திருக்கக் காத்திருக்க மேலே வரும். இவளுடைய வீட்டில் இவளுடைய காரியம் மட்டும் அப்படி வரவே இல்லை. ஒருநாள் அவளுடைய அம்மா போனில் என்னைப் பிடித்து, "நீ ஒருக்காச் சொல்லு மகள், அவள் எங்கட கதையக் கேக்கிறாளில்ல" என்றார். அம்மாவின் கதையைக் கேட்காதவள் என் கதையையா கேட்கப் போகிறாள்?

அவளுடைய கண்ணில் ஏதோ கோளாறு என்பது எனக்குத் தேநீரில்தான் தெரிய வந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். ஒரு தடவை என்றால் கவனமில்லை என்று விடலாம். பிறகு பார்த்தால், இடது பக்கத்தில் நின்று பேசினால் முழுத் தலையையும் திருப்பித்தான் ஆளைப் பார்க்கிறாள். கந்தோர்க் கதவின் இடது நிலையில் தோள் இடிக்கிறது. ஒருநாள் அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் ஏறி வந்தேன். கல்லடிப் பாலம் தாண்டியதும் இடப்பக்கத்து ஒழுங்கையால் ஓர் ஓட்டோ வந்தது. நான் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரர்தான் பிறேக் அடித்தார். இவள் அதை அந்த நிமிஷம்வரை காணவே இல்லை.

இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே சோதித்தவர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப் போச்சி. இடது கண்ணுல ஓரப் பார்வை போயிட்டு. போன பார்வை திரும்பி வராது. மற்றக் கண்ணையாவது காப்பாத்தலாம். சுணங்காம ஆஸ்பத்திரிக் கிளினிக்கில டொக்டரக் காட்டுங்க."

அவள் கிளினிக்குக்குப் போனாள். போகவில்லை என்று சொல்ல முடியாது. காலையிலேயே போய் நம்பர் எடுப்பாள். மத்தியானம் கந்தோருக்கு வருவாள். "காட்டினியா?" என்று கேட்டால், "இண்டைக்குச் சனம் கூடகா" என்பாள். இரண்டு கிழமை இப்படிப் போனது. மூன்றாவது கிழமை நானும் கூடவே போனேன். என் கண்ணாலேயே பார்த்தேன். தன் நம்பரை வாகரையில் இருந்து வந்த ஓர் ஐயாவுக்குக் கொடுத்து, அவருடையதைத் தான் வாங்கினாள். அதையும் ஒரு கிழவிக்குக் கொடுத்தாள். பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்ற வேண்டும் என்று அழாக்குறையாக நின்ற ஒருத்திக்கு. கடைசியில் டொக்டர் எழும்பிப் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரி நடையில் வைத்து நான் போட்ட சத்தத்துக்கு வாசல் காவலாளியே உள்ளே வந்தார்.

"உனக்குக் கண் போனா ஆருகா பாப்பா? அந்த வாகரை ஐயாவா?"

"அவருக்கு பஸ் போயிரும்கா. நாம இஞ்சதானே இரிக்கம். அடுத்த கிழமை வருவம்."

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை. வலது கண்ணும் அப்படியே ஓரத்தில் இருந்து இருண்டு வர, இவள் வரிசையில் நின்று எல்லாருக்கும் வழி விட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிப் பார்த்தாயிற்று. ஏசிப் பார்த்தாயிற்று. அடுத்த நாள் கந்தோருக்குப் போன கையோடு, வாய்க்காலில் அவளுடைய பெயரில் ஒரு வேலையை ஏற்றினேன். 'கண் கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுதல்.' ஆள் செய்து முடிக்கும் வேலை. தவணை ஒரு கிழமை.

"பகிடியாகா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அப்படியே விட்டாள். பால் சங்கத்துக்கு ஏதோ புதிதாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அவள் வழக்கமாகப் போகிற கிளினிக் நாள் வந்தது. அன்றைக்கும் கந்தோரில்தான் இருந்தாள்.

தவணை முடிந்த காலையில் எல்லாம் நின்றது.

முதல் போன் டியூஷன் வகுப்பில் இருந்து வந்தது. பிறகு மீனவர் சங்கம். பிறகு ஹாஜியாரே எடுத்தார். பெருநாள் வியாபாரம் தொடங்கியிருந்த நேரம். "மகள், நம்மட மெசேஜ் ஒண்டுமே போகல்லியாமே. என்ன சங்கதி?" நான் பொறுங்கள் என்று சொல்லி, போனை மேசையில் வைத்தேன். பக்கத்து அறையில் விதானை திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். ஆக மேலே, சிவப்பில், அவளுடைய பெயர்.

நான் அவளுடைய இடது பக்கத்தில் போய் நின்றேன். முழுத் தலையையும் திருப்பி என்னைத் தேடிப் பார்த்தாள்.

"எல்லாரையும் நிப்பாட்டிப் போட்டியேகா!"

"நிண்டாத்தான் ஆராவது பாப்பாங்க எண்டு நீதானே சொன்ன."

"பால்காரர்ர மெசேஜும் நிக்குது. இண்டைக்கு லொறி நேரம் மாறி வருது, தெரியுமா உனக்கு?"

"செயலாளர் அம்மாக்குப் போன் எடுத்துச் சொல்லித்தன். அவங்கட பால் பழுதாகாது. ஆனா மற்ற ஆக்கள்ற எல்லாம் நிக்குது. நீ அமத்தினாத்தான் போகும். அமத்தன், 'முடிந்தது' எண்டு."

அவளுடைய கை மவுஸின் மேல் இருந்தது. ஒரு அழுத்து, அவ்வளவுதான். யார் கேட்கப் போகிறார்கள்? அதுவும் வேண்டாமென்றால் உள்ளே புகுந்து அந்த வரியையே எடுத்துவிட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அவள் கட்டிய வீடு, அவளுக்குத் தெரியாத ஓட்டையா? அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் அதைச் செய்ய மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு பெரிய வேலை பார்த்தேன்.

"முடியாத வேலைய முடிஞ்சிதெண்டு அமத்த ஏலாதுகா" என்றாள்.

"அப்ப காரணத்த எழுது."

எழுதப் போனாள். 'காரணம்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள். எழுத ஒரு காரணமும் இருக்கவில்லை.

சேர் தன் அறையில் இருந்து ஓடி வந்தார். திரையைப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மேசையில் கிடந்த போனில் ஹாஜியார் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சேர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, தட்டுத் தடுமாறி, நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"உடுப்பு எங்கயும் ஓடாது தம்பி" என்றார் ஹாஜியார். "அந்தப் புள்ளைய முதல்ல கொண்டு போய்க் காட்டுங்க. வாகனம் இல்லாட்டிச் சொல்லுங்க, நான் அனுப்புறன்."

சேர் தன்னுடைய வானின் சாவியை எடுத்தார். நான் பின் சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கிளினிக்கில் அவளுடைய தோளை எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பது, நம்பர் துண்டை யார் வைத்திருப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போன நேரத்துக்கு, நடையில் போட்டிருந்த நீள வாங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எங்களுடைய நம்பர் எங்கேயோ கடைசியில். நான் துண்டை என் கைக்குள் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் அவள் என் கையை விலக்கிவிட்டு, வாங்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அம்மா, குறை நினைக்காதீங்க. நான் கொஞ்சம் முன்னால போகட்டா? எனக்குப் பின்னால கன ஆக்கள் காத்து நிக்காங்க."

பிறந்ததில் இருந்து அவள் இப்படி ஒன்று கேட்டிருக்க மாட்டாள். எல்லாரும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அங்கே நானும் சேரும்தான் நின்றோம். சேர் வான் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, அப்பாவியாக முழித்தார்.

கதவோரத்தில் முதலாவதாக இருந்த ஒரு வயதான அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலை ஒடுக்கி வழி விட்டார். "போ மகள். இவ்வளவு சனம் காத்து நிக்குதெண்டாப் போகத்தானே வேணும்" என்றார். வாங்கு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, விறுவிறென்று உள்ளே போனாள்.

டொக்டர் நன்றாக ஏசினாராம். இடது கண்ணின் ஓரப் பார்வை போனது போனதுதான். இன்னும் ஒரு போகம் சுணங்கியிருந்தால் வலதும் போயிருக்கும். இனி ஆயுளுக்கும் காலையில் இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து. ஒரு நாளும் விடக் கூடாது. வெளியே வந்து இதையெல்லாம் அறிக்கை வாசிப்பது போல என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் "போனத் தாகா" என்றாள்.

நான் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். 'முடிந்தது' பொத்தான் திரையின் இடது ஓரத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவளே அவள்தான். தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாங்கில் ஒரு போன் கிணுகிணுத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கதவோரத்து அம்மாவின் கைப்பைக்குள் ஒன்று. கொஞ்ச நேரத்தில் நடை முழுக்க டிங், டிங் என்று சத்தம். ஹாஜியாருடைய பெருநாள் மலிவு விற்பனை. மட்டக்களப்பில் அவருடைய கடையில் ஒரு சட்டைத் துணியாவது எடுக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்?

அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆர்ர முதல் போச்சிகா?"

"வேற ஆர்ர. பால்காரர்ர."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். சேர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு கொஞ்சக் காலம்தான் எங்களோடு இருந்தாள். கொழும்பில் ஒரு பெரிய கொம்பனி அவளை எடுத்துக்கொண்டது. அங்கே போயும் வரிசைகளில் வழி விட்டுக்கொண்டுதான் இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பேக்கரியில் இப்போது நான் பத்து நிமிஷத்தில் பாண் வாங்கி வெளியே வந்துவிடுகிறேன். வந்து நின்று, கை சும்மா இருப்பது போல இருக்கும்.

ஆனால் போகுமுன் ஒரு காரியம் செய்தாள். வாய்க்காலில் தன் பெயரில் தானே ஒரு வேலையை ஏற்றினாள். ஒவ்வொரு காலையும் தானாக வந்து நிற்கும் வேலை. 'சொட்டு மருந்து.' தவணை ஒரு மணித்தியாலம். கொழும்பில் இருந்து அவள் 'முடிந்தது' என்று அழுத்தாவிட்டால் இங்கே எல்லாம் நின்றுவிடும். இதை எடுத்துவிட வேண்டும் என்று சேர் வருடா வருடம் சொல்வார். சொல்வதோடு சரி.

மாதத்தில் ஒரு காலையாவது நிற்கும். நின்றால் என் போனுக்கு முதலில் வருகிறவர் ஹாஜியார்தான்.

"மகள், நம்மட மெசேஜ் நிக்குதா?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ப நம்மட புள்ள இன்னும் மருந்து விடல்ல. நிக்கட்டும், நிக்கட்டும். அவசரமில்ல."

நான் கொழும்புக்குப் போன் எடுப்பேன். பஸ் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய குரல் வரும். "ஐயோ, சனம் நிக்குதா? பொறுகா, இந்தா விடுறன்." கைப்பையைத் துழாவுவதும், போத்தல் மூடி திறப்பதும் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

"வலதுக்கு விட்டாச்சி. இடதுக்கும் விட்டாச்சி. அமத்தித்தன். பாருகா, எல்லாரும் போறாங்களா?"

என் மேசையில் இருக்கிற மற்றப் போன் டிங் என்னும்.

"ஓம், எல்லாரும் போறாங்க."

"கடைசி ஆளும்?"

"கடைசி ஆளு நீதான்கா" என்று சொல்லிவிட்டு வைப்பேன்.